கட்டிக் காட்டினால் அறிவியல் ஆகிவிடுமா?

கேட்டவர் தகவல் அமைப்புகள் துறையில் முனைவர் பட்ட மாணவர். அரசு மருத்துவமனை மருந்துக் கிடங்கில் எந்த மருந்து எப்போது தீரும் என்று முன்கூட்டியே எச்சரிக்கும் மென்பொருள் ஒன்றைக் கட்டியிருக்கிறார். அது நன்றாக ஓடுகிறது. ஆனால் ஆய்வுக் குழுவில் ஒருவர், “இதை ஒரு சாஃப்ட்வேர் கம்பெனி செய்துவிடுமே, இதில் ஆராய்ச்சி எங்கே?” என்று கேட்டுவிட்டார். வழிகாட்டி சொன்னது வேறு: “முறையியல் அத்தியாயத்தில் பிராக்மாடிசம் என்று ஒரு பத்தி எழுது, டிசைன் சயின்ஸ் கட்டுரைகள் நாலை மேற்கோள் காட்டு, போதும்.” பிராக்மாடிசம் என்பது ஒரு கருத்தை அதன் நடைமுறை விளைவை வைத்து மதிப்பிடும் மெய்யியல். டிசைன் சயின்ஸ் என்பது புது அமைப்புகளைக் கட்டி அதன் வழியே அறிவு தேடும் ஆய்வு மரபு. இவர்களில் யார் சொல்வது சரி, அறிவியல் மெய்யியலுக்கும் இதற்கும் என்ன சம்பந்தம் என்பது கேள்வி.

நான் குழு உறுப்பினர் கட்சி. அவர் கேட்ட தொனி எப்படி இருந்ததோ தெரியாது, கேள்வி சரியானது. நீங்கள் கட்டிய மென்பொருள் அப்படியே அறிவாகிவிடாது. அதை வைத்து நீங்கள் துணிந்து சொல்லும் ஒரு கூற்று, அதுவும் பொய்த்துப்போக வாய்ப்புள்ள கூற்று இருக்கிறதா என்பதே விஷயம். பிராக்மாடிசப் பத்தி அந்தக் கூற்றை உங்களுக்காக எழுதித் தராது.

முதலில் இந்தச் சிக்கல் எங்கிருந்து வந்தது என்று பார்த்துவிடலாம். ஹெர்பர்ட் சைமன் 1969இல் வெளியிட்ட ‘செயற்கையின் அறிவியல்கள்’ நூலில் ஒரு குறையைச் சொன்னார். போருக்குப் பிந்தைய அமெரிக்காவில் பொறியியல், மருத்துவம், வணிகம் கற்பிக்கும் பள்ளிகள் மதிப்புத் தேடி இயற்பியல், கணிதம் பக்கம் சாய்ந்தன. தங்கள் சொந்தத் தொழிலான வடிவமைப்பைச் சமையல் குறிப்பு மாதிரியான விஷயம் என்று ஒதுக்கிவிட்டன. இயற்கை அறிவியல் பொருள்கள் எப்படி இருக்கின்றன என்று கேட்கிறது. வடிவமைப்போ அவை எப்படி இருந்தால் நம் நோக்கம் நிறைவேறும் என்று கேட்கிறது. இந்த இரண்டாவது கேள்விக்கும் முறையான, கற்பிக்கத்தக்க அறிவு உண்டு என்பது சைமனின் வாதம். 1975இல் ஆலன் நியூவெல்லோடு கணினி அறிவியலின் உயரிய விருதான டூரிங் விருது பெற்றபோது ஆற்றிய உரையில் இருவரும் இன்னும் ஒரு படி மேலே போனார்கள்: கட்டப்படும் ஒவ்வொரு புது இயந்திரமும் ஒவ்வொரு புது நிரலும் ஒரு பரிசோதனை, இயற்கையிடம் கேட்கும் கேள்வி.

தகவல் அமைப்புகள் துறை இதைக் காதில் வாங்கிக்கொள்ளவே நெடுங்காலம் பிடித்தது. வணிகப் பள்ளிகளில் பிறந்த துறை, சமூக அறிவியல்களைப் பார்த்து வளர்ந்தது. 1983 முதல் 1988 வரை வெளியான 155 கட்டுரைகளை ஒர்லிகோவ்ஸ்கியும் பரூடியும் அலசி 1991இல் எழுதினார்கள்: 96.8 சதவீதம் பாசிட்டிவிஸ்ட், அதாவது அளந்து சோதிக்கும் வகை. கேள்வித்தாள், மாறிகள், கருதுகோள், புள்ளியியல். பத்து ஆண்டு கழித்து ஒர்லிகோவ்ஸ்கி, இயகோனோவுடன் சேர்ந்து துறையின் முன்னணி இதழ் ஒன்றின் 188 கட்டுரைகளைப் படித்தபோது வேறொரு சங்கடம் தென்பட்டது. அவற்றில் கணிசமானவை கணினித் தொழில்நுட்பத்தையே உள்ளே திறந்து பார்க்கவில்லை. தொழில்நுட்பம் பெயரளவில் இருந்தது. பேசப்பட்டதெல்லாம் மனப்பான்மையும் பயன்பாட்டு எண்ணமும். ‘பயனுள்ளது என்று நினைத்தால் பயன்படுத்துவார்கள்’ என்பதை நூறு விதமாக உறுதிசெய்த ஒரு துறையிடம், “சரி, பயனுள்ளதாக எப்படிக் கட்டுவது?” என்று கேட்டால் பதில் இல்லை.

இந்த வெற்றிடத்தை நிரப்பத்தான் டிசைன் சயின்ஸ் வந்தது. அரிசோனாவில் நுனமேக்கர் குழு கூட்ட அறைகளுக்கான மென்பொருள்களைக் கட்டிக்கொண்டே, கட்டுவதும் ஆய்வு முறைதான் என்று வாதாடியது. 1995இல் மார்ச், ஸ்மித் இருவரும் இப்படிக் கட்டப்படும் ஆக்கங்களை நான்காக வகைப்படுத்தினார்கள்: கருத்துருக்கள், மாதிரிகள், முறைகள், செயல்வடிவங்கள். 2004இல் ஹெவ்னரும் வேறு மூவரும் எழுதிய கட்டுரையின் ஏழு வழிகாட்டு நெறிகளை இன்று பலர் டிக் அடிக்கும் பட்டியலாகவே பயன்படுத்துகிறார்கள். ஜெர்மனியில் கதை தலைகீழ். அங்கே கட்டுவதே துறையின் மரபு. அமெரிக்க இதழ்களின் கேள்வித்தாள் பாணி அதை விழுங்கிவிடுமோ என்ற அச்சத்தில் 2010இல் பத்துப் பேர் ஓர் அறிக்கை எழுத, 111 பேராசிரியர்கள் ஆதரவளித்தார்கள். இதழ் அரசியலும் வேலைவாய்ப்பும் கலந்த சண்டை இது. மெய்யியல் மட்டும் என்று எண்ணிவிட வேண்டாம்.

ஹெவ்னர் கட்டுரை மெய்யியல் பக்கம் தொட்ட இடம் ஒன்று உண்டு: உண்மையையும் பயனையும் பிரிக்க முடியாது என்பது. கேட்க இனிமையாக இருக்கிறது. ஆனால் மெய்யியலாளர் மாரியோ புங்கே 1966லேயே இந்த இடத்தில் ஒரு முள்ளை வைத்துவிட்டுப் போயிருந்தார். ‘அ நடந்தால் ஆ நடக்கும்’ என்பது விதி. ‘ஆ வேண்டுமென்றால் அ-வைச் செய்’ என்பது தொழில்நுட்ப நெறி. முன்னது உண்மையாக இருந்தாலும் பின்னது பலன் தரும் என்ற உத்தரவாதம் இல்லை. ஆய்வுக்கூடத்தில் தனித்து நிற்கும் ‘அ’ வெளியே நூறு விஷயங்களோடு பின்னிக் கிடக்கும். பின்னது பலன் தந்தாலும் முன்னது உண்மை என்று ஆகாது. பூமியை நடுவில் வைத்த தாலமியின் கணக்கை நம்பி ஆயிரம் ஆண்டுகளுக்கு மேல் கிரகணம் குறித்தார்கள். பெரும்பாலும் சரியாகவே வந்தது.

இதை உங்கள் கிடங்குக்குக் கொண்டுவருவோம். மென்பொருள் வந்தபின் மருந்துத் தட்டுப்பாடு குறைந்தது என்றே வைத்துக்கொள்ளுங்கள். உங்கள் முன்கணிப்புச் சூத்திரம்தான் காரணம் என்று எழுதுவீர்கள். ஆனால் அந்த அமைப்புக்குத் தரவு வேண்டுமென்பதால் மருந்தாளுநர் இப்போது திங்கட்கிழமைதோறும் இருப்பை எண்ணுகிறார், முன்பு எண்ணவில்லை. எண்ணியதாலேயே தட்டுப்பாடு குறைந்திருக்கலாம். அல்லது திரையில் சிவப்பு விளக்கு எரிவதை மேலதிகாரியும் பார்க்கிறார் என்பதால் கொள்முதல் கோப்பு வேகமாக நகர்ந்திருக்கலாம். மூன்றிலும் பயன் ஒன்றேதான், அறிவு மூன்றும் வேறு வேறு. அடுத்த மாவட்டத்துக்கு எதை எடுத்துச் செல்வது, சூத்திரத்தையா, திங்கட்கிழமைக் கணக்கெடுப்பையா, சிவப்பு விளக்கையா? இதற்குப் பதில் தெரியாத ஆய்வேடு கம்பெனி வேலைதான். கம்பெனிக்கு அந்தப் பதில் தேவையில்லை, வாடிக்கையாளர் பில்லைக் கட்டினால் போதும்.

பதில் காண வழி உண்டு, பெரிய செலவும் இல்லை. அதே திரை, அதே கணக்கெடுப்பு, ஆனால் சூத்திரத்துக்குப் பதிலாகப் போன மூன்று மாதச் சராசரியை மட்டும் காட்டும் பதிப்பு ஒன்றைச் சில கிடங்குகளுக்குக் கொடுங்கள். அங்கும் தட்டுப்பாடு அதே அளவு குறைந்தால் உங்கள் சூத்திரம் அலங்காரம். மனம் வலிக்கும், ஆனால் அந்த முடிவு, ‘என் அமைப்பு ஓடுகிறது’ என்பதைவிட எத்தனையோ மடங்கு மதிப்புள்ளது.

பெரும்பாலான ஆய்வேடுகள் இந்த இடத்தில்தான் நழுவுகின்றன. கட்டுவார்கள், தங்கள் கல்லூரி மாணவர்களை உட்காரவைத்து ஜான் புரூக் வகுத்த பத்துக் கேள்வி பயன்பாட்டு அளவுகோலை நிரப்பச் சொல்வார்கள், மதிப்பெண் எண்பதைத் தாண்டியது என்று ஒரு பட்டைப்படம் போட்டு முடித்துவிடுவார்கள். அந்த அளவுகோலில் குற்றமில்லை. திரை பழகுவதற்கு எளிதா என்று அளக்க உண்டானது அது. கிடங்கில் மருந்து தீராமல் இருக்குமா என்பதற்கு அது சாட்சி சொல்லாது. வேறொரு வகைத் தப்பித்தலும் உண்டு: நிபுணர் ஐவரைப் பேட்டி எடுத்து ‘அமைப்பு சிறப்பாக உள்ளது’ என்று எழுதுவது. கட்டியவரே விருந்தளித்துக் கேட்டால் யார் சமையலைக் குறை சொல்வார்கள்?

ஆக்கத்தின் வழியே அறிவு எப்படி வளரும் என்பதற்கு நான் மாணவர்களுக்குச் சொல்லும் கதை எட்கர் காட் உடையது. 1970இல், ஐபிஎம்மின் சான் ஹோசே ஆய்வகத்திலிருந்து அவர் தரவை அட்டவணைகளாகக் காணும் ரிலேஷனல் மாதிரியை வெளியிட்டார். அப்போது ஐபிஎம்மே விற்றுக்கொண்டிருந்த ஐஎம்எஸ் என்ற தரவுத்தள மென்பொருள், மர வடிவில் தரவை அடுக்கிவைப்பது. சார்லஸ் பாக்மேன் ஜெனரல் எலெக்ட்ரிக்கில் உருவாக்கிய வழியில் வளர்ந்த வலை மாதிரி இன்னொரு பக்கம். இரண்டிலும் நிரலர் தரவு எங்கே, எந்தச் சுட்டியைப் பிடித்துப் போனால் கிடைக்கும் என்று வழி தெரிந்து வைத்திருக்க வேண்டும். அப்படி வழி தேடிச் செல்பவராகவே நிரலரைப் பாக்மேன் தன் 1973 டூரிங் உரையில் வர்ணித்தார். காட் சொன்னது நேர் எதிர்: இயந்திரத்துக்குள் தரவு எப்படி அடுக்கப்பட்டிருக்கிறது என்பதைப் பயனர் அறியவே தேவையில்லை, அட்டவணைகளும் அவற்றின் மீதான கணிதச் செயல்களும் போதும்.

இதில் ஒரு மென்பொருளும் இல்லை, வெறும் கட்டுரை. ஆனால் கூற்று இருந்தது. கூற்று பொய்க்கும் இடமும் எல்லோருக்கும் தெரிந்திருந்தது. 1974இல் அமெரிக்காவின் ஆன் ஆர்பர் நகரில் பாக்மேனும் எட்கர் காட்டும் நேருக்கு நேர் வாதிட்டபோது எதிர்த்தரப்பின் சந்தேகம் நேர்த்தி பற்றியதல்ல, வேகம் பற்றியது. வழியை மனிதன் சொல்லாவிட்டால் இயந்திரம் தானாக நல்ல வழி கண்டுபிடிக்குமா? கண்டுபிடிக்காவிட்டால் பயனர் மறுபடி உள்ளே எட்டிப் பார்க்க வேண்டிவரும், காட் சொன்ன கூற்று அங்கேயே விழுந்துவிடும்.

விடை காணக் கட்ட வேண்டியிருந்தது. ரிலேஷனல் மாதிரியைச் செயல்படுத்திப் பார்த்த மென்பொருள்கள் இரண்டு: ஐபிஎம்மில் சிஸ்டம் ஆர், பெர்க்லி பல்கலைக்கழகத்தில் ஸ்டோன்பிரேக்கரும் யூஜின் வாங்கும் தொடங்கிய இங்க்ரெஸ். சிஸ்டம் ஆர் குழுவில் பாட்ரிசியா செலிங்கரும் சகாக்களும் 1979இல் வெளியிட்ட கட்டுரை, ஒரு வினவலுக்குச் சாத்தியமான வழிகளின் செலவை மதிப்பிட்டு மலிவானதை இயந்திரமே தேர்ந்துகொள்ளும் முறையைக் காட்டியது. வேகம் பற்றிய ஐயம் அங்கே பெரிதும் தளர்ந்தது. காட் 1981இல் டூரிங் விருது பெற்றார். ஐபிஎம்மின் ரிலேஷனல் தரவுத்தளமான டிபி2 1983இல் வந்தது.

இந்தக் கதையில் கவனிக்க வேண்டியது வெற்றி அல்ல. செயல்வடிவம் கூற்றுக்குச் சோதனைக்களமாக நின்றது. சிஸ்டம் ஆர் என்ற மென்பொருள் இன்று எங்கும் ஓடவில்லை, அதிலிருந்து கற்றது ஓடுகிறது. கூற்றின் எல்லையும் பின்னாளில் தெளிந்தது. அமேசான் 2007இல் விவரித்த டைனமோ என்ற தரவுச் சேமிப்பு அமைப்பு, எந்தக் கணினி விழுந்தாலும் கடைக்கூடை திறந்திருக்க வேண்டும் என்பதற்காக ரிலேஷனல் வினவலையும், தரவின் எல்லாப் பிரதிகளும் உடனே ஒன்றுபோல் இருக்கும் ஒத்திசைவையும் கைவிட்டது. காட் தவறிவிட்டார் என்று இதற்குப் பொருள் கொள்ள வேண்டாம். அவருடைய கூற்று எந்த நிலைமைகளில் நிற்கும், எங்கே நில்லாது என்று இப்போது நமக்கு முன்பைவிடத் துல்லியமாகத் தெரிகிறது. அறிவியலில் வளர்ச்சி என்பதற்கு இதைவிடத் தெளிவான உதாரணம் எனக்குத் தெரியவில்லை.

“அது கணினி அறிவியல், என் கிடங்கில் மனிதர்கள் இருக்கிறார்களே” என்பீர்கள். நியாயம். சான் ஹோசேயில் வினவல் மெதுவாக ஓடினால் குற்றவாளியைக் கண்டுபிடித்துவிடலாம். ஒரு மாவட்டத்தில் அமைப்பு தோற்றால் தோற்றது எது? உங்கள் கருத்தா, நிரலா, பயிற்சியா, மின்வெட்டா, இடமாற்றலான அதிகாரியா? எந்தக் கூற்றும் தனியாகச் சோதனைக்கு வருவதில்லை, துணைக் கூற்றுகளின் கூட்டத்தோடுதான் வரும் என்று பியேர் டூயெம் இயற்பியலைப் பற்றியே சொல்லிவிட்டார். நம் துறையில் அந்தக் கூட்டம் கட்டுக்கடங்காதது. மெய்யியலாளர் பாப்பர் சொன்ன பொய்ப்பித்தலை, அதாவது எதிர்ச்சான்று வந்தால் கூற்றை நிராகரிப்பதை, அப்படியே இங்கே பொருத்த முடியாதது இதனால்தான். ஒவ்வொரு தோல்விக்கும் வேறொரு சாக்கு கிடைக்கும்.

இந்த இடத்தில் எனக்குக் கைகொடுப்பது விமர்சன யதார்த்தவாதம். ராய் பாஸ்கர் 1975இல் தொடங்கிவைத்த இந்த மரபைத் தகவல் அமைப்புத் துறைக்கு வலியுறுத்திக் கொண்டுவந்தவர் ஜான் மிங்கர்ஸ். சாரம் எளிது: உலகில் செயலாற்றும் பொறிமுறைகள் உண்மையிலேயே இருக்கின்றன, ஆனால் அவை எப்போதும் வெளிப்படுவதில்லை, சூழல் இடங்கொடுத்தால் வெளிப்படும். ஆகவே ‘அமைப்பு வேலை செய்கிறதா’ என்று கேட்காமல், ‘எந்தப் பொறிமுறை, எந்தச் சூழலில், யாருக்கு, என்ன விளைவு’ என்று கேட்க வேண்டும். சமூகத் திட்டங்களை மதிப்பிட பாசனும் டில்லியும் 1997இல் வகுத்த கேள்வி இது.

சுகாதாரத் தகவல் அமைப்பான டிஹெச்ஐஎஸ் இதற்கு நல்ல எடுத்துக்காட்டு. நிறவெறி ஆட்சி முடிந்த தென்னாப்பிரிக்காவில், கேப் டவுன் பகுதியில், ஓஸ்லோ பல்கலைக்கழகத்தோடு இணைந்த ஆய்வாளர்கள் தொடங்கியது. தலைநகருக்கு அறிக்கை அனுப்பவே எண்களைத் திரட்டினால் எண்கள் பொய்யாகவே இருக்கும். திரட்டும் நர்ஸே அந்த எண்ணைப் பயன்படுத்தினால் தரம் உயரும் என்பது அவர்கள் பொறிமுறை. அதற்கேற்ப வடிவமைப்பு நெறி: மேல்மட்டம் கேட்கும் குறைந்தபட்ச எண்களைத் தந்துவிட்டு, ஒவ்வொரு மட்டமும் தனக்கு வேண்டியதைச் சேர்த்துக்கொள்ளலாம். இதே மென்பொருளும் கருத்தும் கியூபாவுக்குப் போனபோது, எல்லாம் மையத்தில் திட்டமிடப்படும் சூழலில் ‘உள்ளூர்ப் பயன்பாடு’ வேரூன்றத் திணறியது. அந்தத் திணறலையும் ஆய்வாளர்கள் மறைக்காமல் எழுதினார்கள். பிரா, மொன்டெய்ரோ, சஹாய் மூவரும் 2004இல், ஒற்றை இடத்தில் செய்யும் முன்னோடித் திட்டம் ஆய்வாளர் கிளம்பியதும் சாகும், பல இடங்களை வலையாகக் கோத்தால் ஒன்றின் கற்றல் மற்றதைத் தாங்கும் என்று வாதிட்டார்கள். இந்த மென்பொருளின் அடுத்த பதிப்பான டிஹெச்ஐஎஸ்2 கேரளத்தில் 2006இல் களமிறங்கியது. 2020 ஜனவரியில் இலங்கைக் குழு அதே தளத்தில் விமான நிலையப் பயணிகளைக் கண்காணிக்கும் கோவிட் தொகுதி ஒன்றைச் சில நாட்களில் கட்டி, பிற நாடுகளுக்கும் கொடுத்தது. இந்த வலைக் கூற்றுக்கு இதைவிட நல்ல சான்று எளிதில் கிடைக்காது.

சைமன் தாண்டிப்போன ஒரு விஷயத்தையும் சொல்லிவிடுகிறேன். இருக்கும் நிலையை விரும்பத்தக்க நிலையாக மாற்றுவது வடிவமைப்பு என்றார். யார் விரும்பும் நிலை? சிமுலா என்ற நிரல்மொழியை உருவாக்கியவர்களில் ஒருவரான கிறிஸ்டன் நைகார்ட் 1970களின் தொடக்கத்தில் நார்வேயின் இரும்பு, உலோகத் தொழிலாளர் சங்கத்தோடு வேலை செய்யப் போனது இந்தக் கேள்வியால்தான். தொழிற்சாலைத் திட்டமிடல் கணினி நிர்வாகத்தின் கையை மட்டும் வலுப்படுத்துவதை அவர் கண்டார். 1980களில் அதே மரபில் வந்த உட்டோபியா திட்டம், செய்தித்தாள் பக்கம் அமைக்கும் தொழிலாளரோடு அட்டையில் மாதிரி செய்து எதிர்காலக் கருவிகளை வடிவமைத்தது. உங்கள் திரையின் சிவப்பு விளக்கு மேலதிகாரிக்குப் பயன், மருந்தாளுநருக்கு மெமோ. ‘பயனுள்ளது’ என்று எழுதும்போது யாருக்கு என்று எழுதாவிட்டால் அந்த வாக்கியம் பாதிதான்.

இனி, எந்த மெய்யியலை எழுதுவது? பிராக்மாடிசம் தவறென்று சொல்லவில்லை. பியர்ஸும் டூயியும் சொன்னது, ஒரு கருத்தின் பொருள் அதன் விளைவுகளில் இருக்கிறது, விசாரணை செய்துதான் நம்பிக்கையை நிலைநாட்ட வேண்டும் என்பது. அதாவது பிராக்மாடிசம் உங்களிடம் கூடுதல் சோதனை கேட்கிறது. ‘வேலை செய்தால் போதும்’ என்று அதைச் சுருக்கியது நம் ஆய்வேடுகள்தான். உங்கள் கேள்வி பொறிமுறை பற்றியது என்றால் விமர்சன யதார்த்தவாதம் பொருந்தும். சூத்திரத்தின் துல்லியத்தை மட்டும் ஒப்பிடுகிறீர்கள் என்றால் சாதாரணப் பாசிட்டிவிஸ்ட் பரிசோதனையே போதும், வெட்கப்படத் தேவையில்லை. மருந்தாளுநர்கள் அந்தத் திரையை எப்படிப் புரிந்துகொள்கிறார்கள் என்பதுதான் உங்கள் கேள்வி என்றால் விளக்கவியல் பக்கம் போங்கள். கேள்வி முதலில், இசம் பிறகு. கடையில் போய்ச் சட்டை எடுப்பது போல இசத்தை முதலில் தேர்ந்தெடுக்காதீர்கள்.

நடைமுறைக்கு வருகிறேன். ஷெர்லி கிரெகரும் டேவிட் ஜோன்ஸும் 2007இல் வடிவமைப்புக் கோட்பாட்டின் கூறுகள் என்று எட்டைப் பட்டியலிட்டார்கள். எட்டையும் நிரப்ப அலைய வேண்டாம். சோதிக்கத்தக்க கூற்றும், ஏன் அது நடக்கும் என்ற காரணமும் இருந்தால் மற்றவை வந்து சேரும். கிரெகரும் ஹெவ்னரும் 2013இல் தந்த கட்டத்தில் உங்கள் வேலை எங்கே விழுகிறது என்றும் பாருங்கள்: தெரிந்த சிக்கலுக்குத் தெரிந்த தீர்வு என்றால் அதை அவர்களே வழக்கமான வடிவமைப்பு என்று ஆராய்ச்சியிலிருந்து பொதுவாகத் தள்ளிவைக்கிறார்கள். குழு உறுப்பினர் உங்களை அந்தக் கட்டத்தில்தான் வைத்திருக்கிறார். வெளியே வர ஒரு வாக்கியம் வேண்டும்.

என்னைக் கேட்டால் அந்த வாக்கியம் இப்படி இருக்கலாம்: ‘வாரம் ஒருமுறை இருப்பு எண்ணப்படுகிற, கொள்முதல் அதிகாரம் மாவட்டத்திலேயே இருக்கிற கிடங்குகளில், தீரும் தேதியை முன்கணித்துக் காட்டுவது வெறும் இருப்பைக் காட்டுவதைவிடத் தட்டுப்பாட்டு நாட்களைக் குறைக்கும், ஏனென்றால் கொள்முதல் கோப்பு தொடங்கும் நேரத்தை அது முன்னுக்கு இழுக்கிறது. கொள்முதல் அதிகாரம் தலைநகரில் இருந்தால் இந்த விளைவு மறையும்.’ இதில் சூழல் உண்டு, பொறிமுறை உண்டு, ஒப்பீடு உண்டு, எங்கே பொய்க்கும் என்பதும் உண்டு. கோப்பு தொடங்கிய தேதிகள் மருத்துவமனைப் பதிவேட்டிலேயே இருக்கும். அமைப்பு வருவதற்கு முந்தைய ஆண்டின் தேதிகளையும் சேர்த்து எடுங்கள். அவை நகரவில்லை, ஆனால் தட்டுப்பாடு குறைந்தது என்றால் உங்கள் காரணம் தவறு, வேறொன்று வேலை செய்கிறது. அது என்னவென்று தேடும் அத்தியாயம்தான் உங்கள் ஆய்வேட்டில் குழு மிகவும் கவனித்துப் படிக்கப்போவது.